டவுன் த்ரோவில் கேம்பிங் போர்வை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காஸ்ட்கோவில் வாங்கிய 60 × 70 அங்குல டவுன் த்ரோ (பறவைத் தூவி அடைத்த சிறு போர்வை) ஒன்று வீட்டில் இருக்கிறது. ஜூலையில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் டுவாலமி மெடோஸில் கூடாரம் போடப் போகிறோம். ஸ்லீப்பிங் பேகுக்குப் பதிலாக இதையே தைத்து எடுத்துப் போகலாமா? என் உயரம் 5 அடி 6 அங்குலம். (வாசகி, சான் ஹோசே)

பதில்: தைக்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு ஒற்றை த்ரோ போதாது. டுவாலமி மெடோஸ் 8,600 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை இரவிலும் குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். இந்த வகை த்ரோ ஒன்று சுமார் 10 டிகிரி வரைதான் தாங்கும். அதுவும் அடியில் நல்ல மெத்தைப் பாய் இருந்து, நீங்கள் காய்ந்த முழுக்கை உடையோடு படுத்தால். இரண்டு த்ரோவைச் சேர்ப்பது பற்றிக் கீழே மூன்றாவது கேள்வியில் பாருங்கள். முதலில் ஒன்றைத் தைக்கும் முறை.

ஸ்லீப்பிங் பேகில் உடம்புக்கு அடியில் போகும் தூவி நசுங்கிவிடுகிறது, சூடு தருவதில்லை. அதனால்தான் கேம்பிங் க்வில்ட் எனப்படும் இந்த வகைப் போர்வைக்கு அடிப்பக்கமே கிடையாது. தரையின் குளிரைத் தடுப்பது பாயின் வேலை. க்வில்ட்டில் நாம் செய்ய வேண்டியது மூன்றே: கால் பக்கம் ஒரு பை, கழுத்தில் ஒரு நாடா, பக்கவாட்டில் காற்று புகாமல் பாயோடு பிடித்துக்கொள்ளும் காதுகள் (சிறு வளையங்கள்).

கால் பையில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். 60 அங்குல அகலத்தையும் அப்படியே குழாயாக மூட்டினால் அது சாக்குப் பை போலத் தொளதொளக்கும். அவ்வளவு காற்றையும் உங்கள் பாதம்தான் சூடாக்க வேண்டும். கால் நுனியில் சுற்றளவு 42 அங்குலம் இருந்தால் போதும்.

கால் நுனியைச் சுருக்கி மூடவும் ஒரு நாடா வேண்டும்; அதற்கான ரிப்பனை முதலில் தைத்துவிடுங்கள். குழாயாக மூட்டிய பிறகு மெஷினுக்குள் நுழைப்பது பெரும்பாடு. 1 அங்குல அகல குரோஸ்கிரெய்ன் ரிப்பனில் 43 அங்குலம் வெட்டி, இரு முனையையும் 1 அங்குலம் உள்ளே மடித்து, 60 அங்குல ஓரத்தின் நடுவில் வைத்து மேலும் கீழும் இரண்டு தையல் போடுங்கள். முனைகள் திறந்தே இருக்கட்டும். இனி த்ரோவை நீளவாக்கில், உள்பக்கம் வெளியே தெரிய, இரண்டாக மடியுங்கள். கால் நுனியில் மடிப்பிலிருந்து 21 அங்குலத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து நீளவாக்கில் 22 அங்குலம் மேலே, திறந்த ஓரத்தை ஒட்டி, இன்னொரு புள்ளி. இரண்டையும் சாக்பீஸால் சாய்வாக இணைத்து, கோட்டின் மேல் இரண்டு முறை தையுங்கள். மேல் புள்ளியில் ஐந்தாறு தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். தூக்கத்தில் முழங்கால் தள்ளும் இழுப்பு முழுதும் அந்த ஒரு புள்ளியில்தான் விழும். மிஞ்சும் முக்கோணத்தை வெட்ட வேண்டாம். திருப்பினால் அது உள்ளே போய்க் காலுக்கு இன்னொரு அடுக்காகிவிடும்.

ஊக்கில் கட்டி 3 மில்லிமீட்டர் கயிற்றை ரிப்பனுக்குள் கோர்த்து, கார்ட் லாக் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் சிறு கிளிப்) மாட்டி இறுக்குங்கள். நடுவில் சிறு ஓட்டை மிஞ்சும். உள்ளிருந்து ஒரு சாக்ஸைச் செருகிவிட்டால் சரி. கழுத்துப் பக்கமும் இதே ரிப்பன்தான், உள்ளே எலாஸ்டிக் கயிறு, இரு மூலையிலும் ஒரு டிச் பட்டன். பாயைப் பிடிக்கும் காதுகளைத் தோள் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் பக்கத்துக்கு இரண்டாக, கெட்டியான ஓர மடிப்பில் மட்டும் தையுங்கள். மெல்லிய நைலானில் தைத்தால் முதல் புரளலிலேயே கிழியும்.

கேள்வி: நான் ஆறடி. எனக்கு 70 அங்குலம் போதுமா? (வாசகர், டல்லாஸ்)

பதில்: நாடா வைத்து மூடினால் போதாது. 42 அங்குலச் சுற்றைச் சுருக்கி மூட, நீளத்தில் கிட்டத்தட்ட 6½ அங்குலம் போய்விடும்; மிச்சம் 63½. ஆறடி மனிதருக்குத் தாடை வரை 63, நீட்டிய பாதத்துக்கு இன்னும் 5 என 68 அங்குலமாவது வேண்டும். நாடாவை விட்டுவிட்டு, கால் நுனியில் வட்டத் துண்டு வைத்துத் தையுங்கள். வட்டத்தின் குறுக்களவு தையல் விளிம்போடு சேர்த்து 14½ அங்குலம். இரண்டு அடுக்கு ஃப்ளீஸ் துணியே போதும். வட்டத்தை டவுனில் செய்வது வீண் சிரமம். கழுத்துப் பக்கம் துணியை ஒட்டுப்போட்டு நீட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். தூவி இல்லாத அந்தப் பட்டை தோளில்தான் வந்து விழும்.

கேள்வி: இன்னும் சூடாக, கூடுதல் டவுன் வாங்கி ஒவ்வொரு கட்டத்திலும் அடைக்கலாமா? (வாசகர், டென்வர்)

பதில்: கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஃபில் பவர் 600 என்றால் ஒரு அவுன்ஸ் தூவி 600 கன அங்குலத்துக்கு உப்பும். 8 × 8 அங்குலக் கட்டத்தை அரை அங்குலம் உயர்த்த 32 கன அங்குலம், அதாவது வெறும் 1½ கிராம். உங்கள் த்ரோவில் அப்படி 65 கட்டம் இருந்தால் மொத்தம் 100 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தூவி அதிகமில்லை. ஆனால் 65 இடத்தில் தையலைப் பிரித்து, பறக்கும் தூவியை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து அடைத்து, 65 இடத்தையும் மூட வேண்டும்.

அவ்வளவு செய்தும் குளிர் புகும் வழி அப்படியேதான் இருக்கும். மலிவு த்ரோக்களில் மேல் துணியையும் கீழ்த் துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கோட்டை விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள், இரண்டு துணிதான் இருக்கும், தூவி இருக்காது. விலை கூடிய க்வில்ட்டுகளில் இரண்டுக்கும் நடுவே வலைத் துணியில் சுவர் வைத்திருப்பார்கள். அதனால் தையல் கோட்டிலும் கனம் இருக்கும். நேர்த்தையல் கட்டத்தில் அளவுக்கு மேல் அடைத்தால் கட்டம் தலையணை போலப் புடைத்து, போர்வையின் அகலம்தான் சுருங்கும்.

அதே காசுக்கு இன்னொரு த்ரோ வாங்கி மேலே போடுவதே சரியான வழி. கட்டம் 8 அங்குலம் என்றால் மேல் த்ரோவை நீளத்திலும் அகலத்திலும் 4 அங்குலம் தள்ளி வையுங்கள். அப்போது ஒன்றின் தையல் கோட்டின் மேல் இன்னொன்றின் நடுக் கட்டம் வந்து உட்காரும். நீளத்தில் தள்ளியது கழுத்துக்கு மேலே போகட்டும். இரண்டையும் நடுவில் எங்கும் சேர்த்துத் தைக்காதீர்கள். பக்கத்துக்கு ஐந்தாறு டிச் பட்டன் ஓரங்களில் போதும். தனித்தனியாகத் துவைக்கவும் வசதி. மேல் த்ரோ சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும், இழுத்துப் பட்டன் போட்டால் கீழுள்ளது நசுங்கும். டுவாலமி மெடோஸ் போகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ‘டவுன் ஆல்டர்நேட்டிவ்’ என்று இருந்தால் உள்ளே பாலியஸ்டர்தான். வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் த்ரோவைத் தூக்கிப் பிடித்து, பின்னால் செல்போன் டார்ச் அடியுங்கள். தூவி இல்லாத மூலைகள் பளிச்சென்று தெரியும். நாலு தட்டுத் தட்டியும் அந்த மூலை நிறையவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அகலத்தைக் குறைக்க வெட்டினேன். வீடெல்லாம் இறகு. தைத்த இடங்களிலும் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: வெட்டுவதற்கு முன்பே தைத்திருக்க வேண்டும். வெட்டப்போகும் கோட்டிலிருந்து தூவியை இருபுறமும் விரலால் ஒதுக்கிவிட்டு, அரை அங்குல இடைவெளியில் இரண்டு தையல் ஓட்டி, அந்த இரண்டுக்கும் நடுவில் கத்தரிக்க வேண்டும். வெட்டிய ஓரத்துக்கு ரிப்பனோ கிராஸ் துணியோ வைத்துப் பைப்பிங் அடியுங்கள். லைட்டர் காட்டி ஓரத்தை உருக்கும் பழக்கம் உள்ளவர்கள் தூவி பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது.

தையலில் இறகு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊசி. சாதாரணத் துணிக்கான 90ஆம் எண் ஊசி இந்த நைலானில் பெரிய ஓட்டை போடும். 70ஆம் எண் மைக்ரோடெக்ஸ் ஊசி (மெல்லிய, கூர்மையான முனை உள்ளது), மெல்லிய பாலியஸ்டர் நூல், 3 மில்லிமீட்டர் தையல் நீளம். பொடித் தையல் போட்டால் துணி தபால்தலை ஓரம் போலத் துளைபட்டு, அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசியும் குத்தாதீர்கள், கிளிப் போதும். எட்டிப் பார்க்கும் இறகைப் பிடுங்கினால் அது பின்னால் இரண்டைக் கூட்டி வரும். மறுபக்கத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, ஓட்டையை விரலால் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹேமக்குக்கு (தொங்கு படுக்கைக்கு) அடியில் கட்ட இதே த்ரோ ஆகுமா? (வாசகர், அட்லாண்டா)

பதில்: நன்றாகவே ஆகும். அங்கே கால் பை தேவையில்லை. இரு குறுகிய ஓரங்களிலும் நாடா வழி அடித்து, எலாஸ்டிக் கயிற்றால் ஹேமக்கின் இரு முனையிலும் தொங்கவிடுங்கள். முதுகைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இறுக்கினால் தூவி நசுங்கும், இடைவெளி விட்டால் அதன் வழியே குளிர்காற்று ஓடும்.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த போர்வையைத் துவைத்தேன். கட்டி கட்டியாகி, நனைந்த நாய் வாடை அடிக்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: கெட்டுப்போகவில்லை, உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. கட்டி இருக்கும்வரை காயவில்லை என்றே அர்த்தம். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு இரண்டு மூன்று மணி நேரம் சுற்றவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றோட்டமான இடத்தில் தட்டையாகப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவை கட்டிகளை விரலால் பிரித்துவிட வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் இரண்டு நாள்கூட ஆகலாம். கொடியில் தொங்கவிட்டால் ஈரத் தூவி முழுதும் கீழ் மூலைக்கு இறங்கிவிடும். அடுத்த முறை முன்பக்கம் திறக்கும் மெஷினில், டவுனுக்கான சோப்பைக் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு முறை அலசுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடாது. அதனோடு வந்த சிறிய பையில் திணித்து பீரோவில் வைக்காமல், பெரிய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.