பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஏன் பொதுமக்களிடம் அதிகம் பேசுவதில்லை?

அவர்களுக்குப் பேசப் பிடிக்கவில்லையா, இல்லை பேசத் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே முக்கியக் காரணம் இல்லை.

2006-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம், பிரிட்டனில் கிட்டத்தட்ட 1,500 ஆய்வாளர்களிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் பள்ளி, பொதுக்கூட்டம், பத்திரிகை என்று ஏதாவது ஒரு வழியில் தங்கள் அறிவியலை வெளியே கொண்டுபோனவர்கள் 74 சதவீதம். இன்னும் அதிக நேரம் கொடுக்க விரும்பியவர்கள் 45 சதவீதம். ஆக, ஆசை இருக்கிறது. அப்புறம் தடுப்பது எது? ஆய்வுக்கே நேரம் போதவில்லை என்றவர்கள் 64 சதவீதம். வெளியே பேசுகிறவரைச் சக விஞ்ஞானிகள் ஒரு படி குறைவாகத்தான் பார்க்கிறார்கள் என்று ஐந்தில் ஒருவர் சொன்னார், எனக்கு இதுதான் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. தொலைக்காட்சி வழியாகக் கோடிக்கணக்கானவர்களுக்கு வானியலைக் கொண்டுபோன கார்ல் சேகனை 1992-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை; இத்தனைக்கும் வெள்ளிக் கோளின் கடும் வெப்பம், செவ்வாயின் தூசி என்று ஆய்விலும் அவர் பங்கு பெரியது. இரண்டே ஆண்டில் அதே கழகம் மக்கள் நலப் பணிக்கென்று அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

இளம் ஆய்வாளர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஒப்பந்த வேலை, அடுத்த வேலைக்குப் பார்ப்பதோ பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளையும் நிதியையும்தான், பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிய மாலைப்பொழுதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.