பிக்கப்பில் கேம்பர் ஏற்றுமுன் கதவு ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். டீசல் எஞ்சினும் நான்கு கதவுகளும் உள்ள முக்கால் டன் பிக்கப் வைத்திருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர ஆசை. வண்டியின் பெட்டில், அதாவது பின்னால் உள்ள திறந்த சரக்குத் தொட்டியில், ஏற்றி வைக்கும் கேம்பர் (தங்கும் கூடு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். விளம்பரத் தாளில் அதன் எடை 2,650 பவுண்ட். என் வண்டியின் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 2,240 பவுண்ட் என்று இருக்கிறது. "பின்னால் ஏர்பேக் போட்டால் போதும், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்கிறார் டீலர். போட்டால் சரியாகிவிடுமா? வேறு என்ன மாற்ற வேண்டும்?

பதில்: சரியாகாது. இந்தக் கேம்பரை இந்த வண்டியில் ஏற்றாதீர்கள். ஏர்பேக் போட்டாலும், ஸ்பிரிங் மாற்றினாலும், டயர் மாற்றினாலும் இதுதான் பதில். முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டீர்களே, அதற்கு நன்றி. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கேம்பரை வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

முதலில் அந்த 2,240 எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். பலர் அதைப் பெட்டில் வைக்கக்கூடிய சுமை என்று நினைக்கிறார்கள். ஸ்டிக்கரில் உள்ள வாசகத்தை நிதானமாகப் படியுங்கள்: உள்ளே உட்காரும் ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றின் எடையும் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டவே கூடாது என்றுதான் எழுதியிருக்கும். நீங்களும் அதில் அடக்கம், மனைவி பிள்ளைகளும் அடக்கம். நிரம்பிய டீசல் டேங்கின் எடையை வண்டி எடையிலேயே சேர்த்துவிட்டார்கள், அதைக் கழிக்க வேண்டாம். ஆனால் வண்டி வாங்கிய பிறகு நீங்கள் மாட்டிய கருவிப் பெட்டி, பெட் மூடி, கனமான டயர் எல்லாவற்றையும் கழித்தாக வேண்டும்.

அடுத்து அந்த 2,650. அதை டிரை வெயிட் என்பார்கள், அதாவது வெறும் கூட்டின் எடை. தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பெரும்பாலும் பேட்டரியும் கூடுதல் வசதிகளும் இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்ட். 30 கேலன் டேங்க் என்றால் 250. இருபது பவுண்ட் கேஸ் சிலிண்டர் என்பது கேஸின் எடை மட்டும், இரும்போடு சேர்ந்தால் ஒன்று 37 வரும், இரண்டுக்கு 75 வைத்துக்கொள்வோம். இரண்டு ஈய பேட்டரிகளுக்கு 120. ஏசி, பக்கவாட்டுப் பந்தல் என்று சேர்த்தால் 200. பாத்திரம், படுக்கை, துணி, சாப்பாடு, நாற்காலி, கருவிகளுக்கு 400 என்பது சிக்கனமான கணக்கு. கூட்டினால் 3,695. நான்கு பேருக்கு 500 சேர்த்தால் 4,195. உங்கள் ஸ்டிக்கர் தாங்குவது 2,240. கிட்டத்தட்ட 1,950 பவுண்ட் அதிகம்.

கேம்பரின் மேலேயே ஒரு எடை லேபிள் ஒட்டியிருக்க வேண்டும், அது கூட்டாட்சி விதி. எத்தனை கேலன் தண்ணீர், எவ்வளவு கேஸ் சேர்த்து அந்த எடை என்றும் அதில் இருக்கும். அதைப் படியுங்கள். விளம்பரத் தாள் விற்பதற்காக அச்சடித்தது.

இப்போது ஏர்பேக். விபத்தில் விரியும் பை அல்ல இது. பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் வைக்கும் காற்று ஸ்பிரிங். பின்பக்கம் தொய்ந்த வண்டியை நிமிர்த்தும், முகப்பு விளக்கை மறுபடி சாலையைப் பார்க்க வைக்கும். வரம்புக்குள் இருக்கும் சுமைக்கு நல்ல சாதனம், நானே நிறைய மாட்டியிருக்கிறேன். ஆனால் உங்கள் அச்சு அதே அச்சு, பிரேக் அதே பிரேக், வீல், டயர், பேரிங், சேஸிஸ் எல்லாம் அதேதான். தொய்வு என்பது வண்டி உங்களிடம் "முடியவில்லை" என்று சொல்லும் மொழி. வரம்பு மீறிய வண்டியில் ஏர்பேக் அந்த வாயை மூடுகிறது, சுமையைக் குறைப்பதில்லை. வண்டி நேராக நிற்பதைப் பார்த்து நீங்கள் மலைப்பாதையில் இறங்குவீர்கள். அங்கே பிரேக் சூடேறித் தளரும்போது ஏர்பேக் உதவிக்கு வராது.

"பேலோடைக் கூட்டும் கிட்" என்று ஒன்றை விற்பார்கள். பேலோட் என்றால் வண்டி சுமக்கக்கூடிய எடை. வண்டி உங்கள் கைக்கு வந்த பிறகு எந்தக் கடைக்காரர் எந்த ஸ்பிரிங்கை மாட்டினாலும் கதவு ஓரத்து எண் ஒரு பவுண்ட்கூட உயராது. "அச்சு செய்த கம்பெனியே இதைவிட அதிகம் தாங்கும் என்கிறது" என்று இன்னொருவர் சொல்வார். அச்சு மட்டும் தாங்கி என்ன பயன்? டயரும் பிரேக்கும் தாங்க வேண்டாமா? விற்பவர்கள் சொல்லும் "எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்பது உண்மைதான். எல்லோரும் எடைமேடையில் ஏற்றாமல்தான் ஓட்டுகிறார்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவது வாடிக்கையாளர் மீது இல்லை. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று இன்றும் பெயர் வைக்கிறார்கள், அந்தப் பெயருக்கும் வண்டி தாங்கும் எடைக்கும் தொடர்பு போய்ப் பல காலம் ஆகிறது. விளம்பரத்தில் பெரிதாக அச்சாகும் பேலோட், மிக இலகுவான வகைக்கு உரியது. டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அந்த எண் கரைந்துகொண்டே வரும். உண்மையான எண்ணைக் கதவு இடுக்கில், வண்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு கண்ணில் படும்படி ஒட்டுகிறார்கள். கேம்பர் விற்பவரோ உங்கள் கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்து வாங்கிவிடுகிறார். கூட்டல் கழித்தல் தெரிந்த எந்த விற்பனையாளரும் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் நீங்கள் பெரிய வண்டி பார்க்கக் கிளம்புவீர்கள், அங்கே இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஆட்களும் சரக்கும் இத்தனை பவுண்ட் என்று சொல்லும் மஞ்சள் பட்டை ஸ்டிக்கர், மொத்த எடை வரம்பு 10,000 பவுண்ட் வரை உள்ள வண்டிகளுக்குத்தான் கட்டாயம். மொத்த எடை வரம்பு என்றால் வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. சரியாக 10,000 என்றால் ஸ்டிக்கர் உண்டு. அதைத் தாண்டினால் அந்த வாசகம் இல்லாமல் போகலாம். ஒரு டன் வண்டிகள் பலவற்றில் இப்படித்தான், 2500 அல்லது 250 என்று எழுதிய சில முக்கால் டன் வண்டிகளிலும் இப்படித்தான். ஸ்டிக்கரைத் தேடி ஏமாந்து நிற்பவரிடம் "இந்த வண்டிக்கு வரம்பே கிடையாது, அதனால்தான் ஒட்டவில்லை" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பெரிய பொய். வரம்பு இருக்கிறது, கழித்தலை மட்டும் உங்களிடம் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கழித்தலை இப்படிச் செய்யுங்கள். கதவுத் தூணில் இன்னொரு லேபிள் எல்லா வண்டியிலும் இருக்கும். மொத்த எடை வரம்பும், முன் அச்சு, பின் அச்சு இரண்டின் வரம்புகளும் அதில் இருக்கும். டீசல் டேங்கை நிரப்பி, குடும்பத்தோடு எடைமேடையில் ஏறுங்கள். வரம்பு 14,000, எடைச்சீட்டில் 8,600 என்று வந்தால், மிச்சம் 5,400 கேம்பருக்கும் சாமானுக்கும். குடும்பத்தோடு எடை போட்டதால் ஆட்களை மறுபடி கழிக்கக் கூடாது. நீங்கள் தனியாக ஏறியிருந்தால் மற்றவர்களைக் கழிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதோடு நிற்காமல் பின் அச்சுக்குத் தனியாக அதே கழித்தலைச் செய்யுங்கள். கேம்பரின் எடை ஏறக்குறைய முழுவதும் பின் அச்சில்தான் விழும். மொத்தத்தில் இடம் இருந்து பின் அச்சில் இடம் இல்லாத வண்டிகள் உண்டு. இரண்டு எண்களில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு.

எடை போட எங்கே போவது? நெடுஞ்சாலை ஓர டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற நிறுவனத்தின் எடைமேடைகள் இருக்கின்றன. முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். கேம்பர் இல்லாமல் ஒருமுறை, ஏற்றிய பிறகு ஒருமுறை. அந்த இரண்டு சீட்டுகளும் கையில் இருந்தால் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

அதே சீட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று வண்டியின் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். மையம் எங்கே என்று கேம்பரின் பக்கத்தில் குறியிட்டிருப்பார்கள். மையம் அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரம் எடை இழக்கும், ஸ்டியரிங் இலகுவாகி மிதப்பதுபோல் இருக்கும். 3,700 பவுண்ட் கேம்பர், அச்சுகளுக்கு நடுவே 160 அங்குல நீளமுள்ள வண்டியில், மையம் 8 அங்குலம் பின்னால் விழுந்தால் முன் அச்சு 185 பவுண்டை இழக்கிறது, பின் அச்சு 3,885ஐச் சுமக்கிறது. கேம்பர் ஏற்றிய பிறகு முன் அச்சின் எடை குறைந்திருந்தால் அந்தக் கேம்பர் உங்கள் பெட்டுக்குப் பொருந்தாதது.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணைப் பாருங்கள். 121 என்றால் ஒரு டயர் முழுக் காற்றோடு சுமார் 3,195 பவுண்ட், ஜோடிக்கு 6,390. உங்கள் வகை வண்டியில் காலியாகவே பின் அச்சில் 3,000க்கு மேல் இருக்கும். மேலே சொன்ன 3,885ஐச் சேர்த்தால் டயரின் வரம்பையே தாண்டிவிடுகிறீர்கள். ஒரு கூர்மையான கல் போதும். அழகுக்காக வீல் மாற்றியிருந்தால் அந்த வீலின் சுமை எண்ணையும் பாருங்கள், கம்பெனி வீலைவிடக் குறைவாக இருப்பது சகஜம்.

வண்டி வரம்புக்குள் வந்த பிறகு நான் கண்டிப்பாகச் சொல்வது கட்டும் முறை. கேம்பரைக் கட்டும் கொக்கிகள் சேஸிஸில் பொருத்தியவையாக இருக்க வேண்டும். பெட்டின் தகட்டிலோ பம்பரிலோ திருகியவை மலிவு, ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம், அதனால் டீலருக்குப் பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பம்பரின் ஒரு பக்கம் வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. விற்ற இடத்திலேயே மாட்டிக் கொடுத்த கொக்கியாம். பின்னால் வந்தவர் ஒளி அடித்து நிறுத்தியிருக்கிறார். கேம்பர் உள்ளே இருந்த கட்டிலில் அவருடைய பிள்ளைகளின் பொம்மைகள் சிதறிக் கிடந்தன. அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கட்டும் கம்பியில் ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) போடுங்கள். முன் கம்பிகள் முன்னோக்கியும் பின் கம்பிகள் பின்னோக்கியும் சாய்ந்து இழுக்க வேண்டும், அப்போதுதான் பிரேக் போடும்போது கேம்பர் முன்னும் பின்னும் நகராது. பெட்டில் வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் எடுத்துவிட்டு ரப்பர் பாய் விரியுங்கள். முதல் 20, 30 மைல் ஓடியதும் நிறுத்தி, இறங்கி, நான்கு கம்பிகளையும் கையால் இழுத்துப் பாருங்கள். கேம்பர் அமர்ந்து இடம் பிடித்திருக்கும், கம்பி தளர்ந்திருக்கும்.

வளைவில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் முதலில் பின்பக்க ஸ்வே பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் இரும்புத் தண்டு), அப்புறம் நல்ல ஷாக் அப்சார்பர். ஏர்பேக் கடைசியாக. அதையும் இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனிக் காற்றுக் குழாயோடு போடச் சொல்லுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அழுத்தப்படும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடி வண்டியை இன்னும் சாய்க்கும். இணைத்தால் வேலை பாதி என்பதால் கேட்காமலே இணைத்துவிடுவார்கள்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள். இந்த வண்டியை வைத்துக்கொள்வதானால் மேல்பகுதி மடங்கும் பாப்-அப் கேம்பர் பாருங்கள். 2,240இல் ஆட்களுக்கு 500, சாமானுக்கு 400, 20 கேலன் தண்ணீருக்கு 167, கேஸ், பேட்டரிக்கு 100 கழித்தால் 1,073 மிச்சம். கேம்பரின் வெற்று எடை அதற்குள் இருக்க வேண்டும். நான்கு பேருக்கு இடம் நெருக்கும், ஆனால் இருக்கிறது. பார்த்து வைத்த கேம்பர்தான் வேண்டும் என்றால், பின்னால் நான்கு சக்கரம் உள்ள ஒரு டன் வண்டியைப் பாருங்கள், மேலே சொன்ன கழித்தலை அதற்கும் செய்யுங்கள்.

எந்த வழியானாலும், டீலரிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: தண்ணீர் டேங்க் நிரம்பிய நிலையில் இந்தக் கேம்பரின் எடைமேடைச் சீட்டு. அது கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.