குடியை விட்ட பிறகு: கேள்விகளும் என் பதில்களும்

குடிநோய் மறுவாழ்வு ஆலோசகராக 17 வருடம் ஆகிறது. நான் மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரையின் அளவு கேட்டால் சொல்ல மாட்டேன். மற்றதைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 12 வருடமாகத் தினமும் குடிக்கிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு வாய் ஊற்றினால்தான் நிற்கிறது. நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டேன். அறையைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் போதும்தானே?

பதில்: தம்பி, முடிவு நல்ல முடிவு, வழிதான் ஆபத்து. தயவுசெய்து தனியாக, திடீரென்று நிறுத்தாதீர்கள். குடி மூளையை மந்தமாக்கும். அதை எதிர்த்து எதிர்த்தே உங்கள் மூளை வருடக்கணக்காகத் தன்னை முறுக்கி வைத்திருக்கிறது. குடியைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது, உடம்பு அனலாகக் கொதிக்கும். இதில் உயிர் போவதுண்டு. காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கவலை.

மருத்துவர் சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். தயமின் என்ற பி1 வைட்டமினும் போடுவார். அந்தச் சத்துக் குறைந்தால் ஞாபகசக்தியே நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். நாளைக் காலை வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் சிகிச்சைக்கு வர மறுக்கிறார். குடித்தால் வாந்தி வருகிற மாதிரி ஒரு மாத்திரை இருக்கிறதாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் கேட்பது டைசல்ஃபிரம். குடி உடம்பில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உருவாகும். சாதாரணமாக அது உடனே உடைந்துவிடும். இந்த மாத்திரை அதை உடைய விடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். மாத்திரை போட்டிருக்கிறோம் என்று தெரிந்தவர் குடிக்காமல் இருப்பார். மருந்து வேலை செய்வதே அப்படித்தான். தெரியாதவர் வழக்கம்போலக் குடிப்பார். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது.

அவர் சம்மதித்தால், குடி நினைப்பைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. சம்மதிக்க வைக்க என்ன வழி? போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். குடிக்காத நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள், அந்த நேரத்தை அவருக்கு இனிமையாக்குங்கள். அவர் வாந்தியெடுத்ததை நீங்கள் துடைக்காதீர்கள், அவருக்காக அலுவலகத்துக்குப் பொய் சொல்லி விடுப்புக் கேட்காதீர்கள். கை ஓங்குகிறவர் என்றால் முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: விட்டு மூன்று மாதம் ஆகிறது, இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பதில்: பலருக்கும் இப்படித்தான், சிலருக்கு இன்னும் பல மாதம் இழுக்கும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், பகலில் படுக்காதீர்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பல, மூளையில் குடி தொடுகிற அதே இடத்தைத் தொடுகின்றன.

கேள்வி: 214 நாள் குடிக்காமல் இருந்தேன். போன சனிக்கிழமை ஒரு சண்டை, அன்று இரவு குடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் போச்சு.

பதில்: போகவில்லை. 215 நாளில் 214 நாள் குடிக்காதவர் நீங்கள். அந்த 214 நாளில் ஈரலுக்குக் கிடைத்த ஓய்வை ஒரு இரவு வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடாது. எனக்கு அந்த இரவைவிட 'எல்லாம் போச்சு' என்கிற வார்த்தைதான் பயம். உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே இதை விளக்கியிருக்கிறார்: முதல் சறுக்கலைவிட, சறுக்கியபின் வருகிற குற்ற உணர்ச்சியும் 'இனி என்ன இருக்கிறது' என்ற நினைப்பும்தான் ஆளை முழுசாகக் கவிழ்க்கின்றன. இன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த குடிக்கு இடம் செய்து கொடுக்கிறது.

(11 வருடமாகக் குடிக்காத ஒரு அண்ணன் குறுக்கிட்டார்: "ஒரு சொட்டு என்றாலும் கணக்கு பூஜ்யம்தான். நீங்கள் தடவிக் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமையும் குடிப்பான். அந்த எண்ணிக்கைதான் என்னைக் காப்பாற்றியது.")

அண்ணா, உங்கள் 11 வருடத்துக்கு முன்னால் நான் பணிந்துதான் பேசுகிறேன். எண்ணுவது தவறு என்று நான் சொல்லவில்லை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற, 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, எண்ணிக்கைக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பூஜ்யம் என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, சறுக்கியதை ஒளித்து, ஆறு வாரம் கழித்து வலிப்போடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளட்டுமே: கடைசியாகக் குடித்ததிலிருந்து எத்தனை நாள், இந்த வருடத்தில் மொத்தம் குடிக்காத நாள் எத்தனை.

(அவர் விடவில்லை: "இரண்டாவது கணக்கு சாக்குச் சொல்கிறவனுக்கு வசதி." இன்னொருவர்: "இது நோய். நோயாளியைப் போய்க் குற்றம் சொல்வீர்களா?")

நோய்தான். சர்க்கரை நோய்க்காரரை நாம் திட்டுவதில்லை, ஆனால் மருந்து சாப்பிட வேண்டிய பொறுப்பு அவருடையது. அப்படித்தான் இதுவும். சாக்குச் சொல்கிறவர் எந்தக் கணக்கிலும் சொல்வார், அண்ணா. அவரைப் பிடிக்க ஒரே கேள்வி போதும்: சனிக்கிழமை சாயங்காலம் எத்தனை மணிக்கு முதல் நினைப்பு வந்தது, அப்போது யார் கூட இருந்தீர்கள், ஏன் யாரையும் அழைக்கவில்லை? இதற்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறவர் சாக்குச் சொல்கிறவர் இல்லை.

கேள்வி: அண்ணனுக்குத் தெரியாமல் காபியில் கலக்கிற சொட்டு மருந்து நல்லதா?

பதில்: மேலே பதில் இருக்கிறது. கூடாது.

கேள்வி: குடிக்கணும் என்ற வெறி வரும்போது என்ன செய்ய?

பதில்: அது அலை மாதிரி ஏறும், அப்புறம் இறங்கும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அடக்கப் பார்க்காதீர்கள், ஏறுவதையும் இறங்குவதையும் கவனியுங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். என்னிடம் வந்த ஒருவர் அந்த நேரத்தில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்து ஜோடி ஜோடியாக அடுக்குவார். வேலை முடிந்து வரும் மனைவி, செருப்புகள் வரிசையாக இருந்தால் ஒன்றும் கேட்காமல் அவர் பக்கத்தில் வந்து உட்காருவார். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலும் வெறியைக் கூட்டும். முதலில் சாப்பிட்டீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகன் ஹெராயின் ஊசியை விட்டு இரண்டு மாதம் மையத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். இனி பயமில்லைதானே?

பதில்: ஐயா, இப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிட்டது. பழைய அளவை ஒரே ஒரு முறை போட்டாலும் மூச்சு நின்றுவிடலாம். இதை அவனிடமே மறைக்காமல் சொல்லுங்கள். ஹெராயின் ஏக்கத்தை அடக்கத் தருகிற பியூப்ரெநார்ஃபின் என்ற மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் போதைதானே என்பார்கள். மருத்துவர் பார்வையில் எடுத்தால் அது இறப்பைக் குறைக்கிறது. மூச்சு நிற்கும்போது மீட்கிற நாலக்சோன் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: குடிகாரக் கணவரிடமிருந்து சொத்தை எப்படி எழுதி வாங்குவது?

பதில்: வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: மாமனாருக்குத் தெரியாமல் பொடி கலந்து...

பதில்: மூன்றாவது முறை சொல்கிறேன். யாருக்கும், எந்தப் பெயரில் விற்றாலும், தெரியாமல் கலக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத பொடியை, ஏற்கெனவே ஈரல் கெட்டிருக்கக்கூடிய ஒருவரின் வாயில் போடுகிறீர்கள். இதைப் பற்றி இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (214 நாள்காரர்): அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அழுதார். அந்தக் கேள்விக்கும் எழுதிப் பார்த்தேன். முதல் நினைப்பு ஐந்தரை மணிக்கு வந்திருக்கிறது, குடித்தது ஒன்பதுக்கு. நடுவில் தனியாகத்தான் இருந்தேன். சாப்பிடவும் இல்லை.

பதில்: மூன்றரை மணி நேரம் இருந்திருக்கிறது, பாருங்கள். வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கே அக்கா வீட்டில் இருங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். ஐந்தரைக்கு நீங்கள் சொல்லாமலே அவர் உங்களைக் கேட்கட்டும், இதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.