யெரெவானின் கோண்ட் மேடு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் மகன் ஆர்மீனியாவில், யெரெவானில் மருத்துவம் படிக்கிறான். அவனைப் பார்க்க நானும் என் கணவரும் போயிருந்தோம். குடியரசுச் சதுக்கம், ஓபரா அரங்கு, ரோஜா நிறக் கட்டடங்கள் எல்லாம் பார்த்தோம். அப்புறம் “உண்மையான யெரெவானைக் காட்டுகிறேன் வாங்க” என்று கோண்ட் என்ற மேட்டுக்குக் கூட்டிப்போனான். ஊருக்கு நட்டநடுவில் இடிந்த சுவர்களும் தகரக் கூரைகளும், ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளும். எனக்கு மனசே சரியில்லை. அவனோ விதவிதமாகப் படம் எடுக்கிறான்! பழைய தெருக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். இதையுமா? அங்கே அரசாங்கம் ஏன் சும்மா இருக்கிறது? இன்னொன்று, வாடகை குறைவு என்று அங்கேயே அறை எடுக்கலாமா என்கிறான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆர்.எம்., திருச்சி

அன்புள்ள ஆர்.எம்.,

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. இந்தப் பகுதியின் பழங்கால அரசான உரார்த்துவை ஆண்ட அர்கிஷ்டி என்ற அரசன் கி.மு. 782இல் கட்டிய எரெபுனிக் கோட்டையிலிருந்து யெரெவான் தன் வயதைக் கணக்கிடுகிறது. 2018இல் 2800 ஆண்டு நிறைவை அமர்க்களமாகக் கொண்டாடினார்கள். ஆனால் நீங்கள் சுற்றிப் பார்த்த சதுக்கமும் ஓபராவும் அகலத் தெருக்களும் நூறு வருடத்துக்குள் வந்தவை. 1924இல் அலெக்சாந்தர் தமான்யான் என்ற கட்டடக் கலைஞர் ஒன்றரை லட்சம் பேருக்கென்று ஒரு நகரத் திட்டம் போட்டார். அதற்குப் பிறகு பழைய ஊர் தெருத் தெருவாக மறைந்தது. பாரசீக ஆளுநர்கள் இருந்த கோட்டையும் போய், அந்த இடத்தில் இப்போது பிராந்தி ஆலை நிற்கிறது. மேடாக இருந்ததாலோ என்னவோ, கோண்ட் மட்டும் கை வைக்கப்படாமல் தப்பியது.

கோண்டின் கதையை 1679இலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு வந்த நிலநடுக்கத்தில் யெரெவான் தரைமட்டமானது. அப்போது அது பாரசீகத்தின் சஃபாவி அரசுக்குக் கீழே இருந்த ஊர். திரும்பக் கட்டியபோது கோண்ட் மேட்டில் 1687இல் ஒரு மசூதி எழுந்தது. 1710இல், இடிந்த பழைய தேவாலயம் இருந்த இடத்திலேயே புனித ஹோவ்ஹன்னஸ் தேவாலயம் எழுந்தது. ஆர்மீனியர்களுக்குத் தலைமை வகித்த மெலிக் அகமல்யான் குடும்பத்தின் வீடும் இங்கேதான். மேட்டின் இன்னொரு பக்கத்தில் போஷாக்கள் இருந்தார்கள். ஆர்மீனிய மொழியும் ஆர்மீனியக் கிறித்தவமும் ஏற்ற நாடோடி மரபினர், சல்லடை கட்டி விற்பது தொழில். பெரிய வீட்டுக்காரரும் சல்லடைக்காரரும் ஒரே மேட்டில். 1794இல் நம் மதராஸில் ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையான ‘அஸ்தரார்’ அச்சானபோது யெரெவான் ஒரு பாரசீக கான் ஆண்ட சின்ன ஊர்தான். 1827இல் ரஷ்யப் படை கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு துர்க்மென்சாய் ஒப்பந்தத்தில் பாரசீகம் ஊரை விட்டுக்கொடுத்தது. அதன் பிறகு முஸ்லிம்கள் குறைந்து ஆர்மீனியர்கள் பெருகினார்கள்.

1915இல் ஒட்டோமன் துருக்கியில் நடந்த ஆர்மீனியர் படுகொலைக்குத் தப்பி வந்தவர்களுக்குக் கூரை வேண்டியிருந்தது. கோண்டின் மசூதியில் குடிவைத்தார்கள். ஒன்றரை மீட்டர் தடிமனுள்ள சுவர், உள்ளே விரிந்த கூடம். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பி ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரிய குவிமாடம் பின்னாளில் விழுந்துவிட்டது, சின்னது நிற்கிறது. வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அதற்குள் குடித்தனம் நடத்துகிறார்கள். சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், உள்ளே அடுப்பில் காபி கொதிக்கிறது. உங்கள் மகன் எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள், செங்கல் வளைவுக்கு மேல் டிஷ் ஆன்டெனா தெரிகிற படம் இருந்தால் அதுதான் மசூதி.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அரசாங்கம் சும்மா இருந்ததால் கோண்ட் இப்படி ஆகவில்லை. இடிக்கப் போகிறோம், மாற்றிக் கட்டப் போகிறோம் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் இப்படி ஆனது. சோவியத் காலம் முழுக்கக் கோண்ட் வரைபடத்தில் ‘நாளை போகிற’ இடம். போகிற இடத்துக்கு எதற்குச் சாக்கடை? போகிற வீட்டில் மாடி கட்ட எதற்கு அனுமதி? ஆனால் பிள்ளைகள் பிறந்தார்கள், மகனுக்குக் கல்யாணம் ஆனது, ஓர் அறை கூடுதலாக வேண்டியிருந்தது. அனுமதி கிடைக்காது என்று தெரிந்தவர்கள் கேட்காமலே கட்டிக்கொண்டார்கள்.

1980களில் பகுதி முழுவதையும் புதுப்பிக்க ஒரு திட்டம் வந்தது. 1988 டிசம்பர் 7 அன்று வடக்கே ஸ்பிதாக், லெனினாகான் (இன்றைய கியூம்ரி) பகுதியில் நிலநடுக்கம். ஏறக்குறைய 25,000 பேர் செத்துப்போனார்கள். சிமென்ட்டும் ஆட்களும் முதலில் போக வேண்டிய இடம் அதுவானது. 1991இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. அடுத்த சில குளிர்காலங்களில் யெரெவானில் மின்சாரம் வந்தாலே பெரிய விஷயம், கோண்டை யார் நினைப்பார்கள்?

அங்கே ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஆற்றுக்கல்லும் மண்ணும், அது பாட்டனார் காலம். அதன் மேல் டஃப் என்கிற எரிமலைக் கல், சோவியத் காலம். அதற்கும் மேலே சிமென்ட் கட்டியும் தகரமும், நேற்றைய வேலை. மஞ்சள் பெயின்ட் அடித்த எரிவாயுக் குழாய் தலைக்கு மேலே ஓடும், வாசல் வந்தால் நிமிர்ந்து வளைந்து மறுபக்கம் இறங்கும். கீழ்வீட்டுக் கூரையை ஒட்டி மேல்வீட்டு முற்றம். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே குனிந்துதான் போக வேண்டும். எந்த வீடு எங்கே முடிகிறது என்று அங்கே பிறந்தவருக்குத்தான் தெரியும்.

கோண்டுக்காரர்களின் ஒட்டுறவைப் பற்றி வழிகாட்டிகள் உருகி உருகிப் பேசுவார்கள். நெருக்கம் உண்மைதான். வாசலில் ஸ்டூல் போட்டு நார்தி ஆடுவார்கள், நம் தாயக்கட்டம் போல இரண்டு பகடை, பார்க்கிறவர்கள் சொல்லும் யோசனைதான் கூடுதல். தெரியாதவரையும் சூர்ச் குடிக்கக் கூப்பிடுவார்கள், சின்னக் கோப்பையில் அடியில் மண்டி தங்கும் காபி. ஆனால் எத்தனையோ வீடுகளில் கழிப்பறை வெளியேதான், அதிலும் சில பொது. பக்கத்து வீட்டைத் தாண்டித்தான் தன் வீட்டுக்குப் போக முடியும் என்றால் பக்கத்து வீட்டாரோடு பேசாமல் எத்தனை நாள் இருப்பது? அந்த நெருக்கத்தை மட்டும் பிய்த்து எடுத்துப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாமே என்பீர்கள். கொஞ்ச தூரத்தில் நீங்கள் நிச்சயம் நடந்திருக்கும் வடக்கு அவென்யூ அப்படி வந்ததுதான். தமான்யான் திட்டத்தில் கோடாக இருந்தது 2007இல் திறந்தது. அதற்காகக் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளைக் கையகப்படுத்திய அரசாணைகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றமே 2006இல் சொன்னது. சொத்துரிமை மீறப்பட்டது என்று 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதற்குள் வீடுகள் இல்லை, கடைகள் இருந்தன. இதையெல்லாம் மேட்டிலிருந்து பார்த்தவர்கள் கோண்டுக்காரர்கள். கேட்காமல் கட்டிய அறைக்குக் காகிதம் இல்லை, காகிதம் இல்லாத அறைக்கு இழப்பீடு கேட்பது பெரும்பாடு. இடிக்கட்டும், நல்ல ஃபிளாட் கொடுத்தால் போகிறோம் என்கிறவர்கள் அங்கேயே உண்டு. கொடுப்பார்கள் என்று நம்பாதவர்களும் உண்டு.

எனவே இதையுமா காப்பாற்றுவது என்ற கேள்விக்கு என் பதில்: மசூதி, தேவாலயம், சந்துகளின் போக்கு ஆகிய மூன்றையும் காப்பாற்ற வேண்டும். ஆனால் முதலில் பட்டா, அடுத்து சாக்கடை. வீடு தன்னுடையது, நாளை போகாது என்று தெரிந்தால் யாரும் தகரத்தை மாற்றி ஓடு போடுவார்கள். கொஞ்ச காலமாகச் சந்துச் சுவர்களில் ஓவியம் வரைகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, கூரை ஒழுகுவது நிற்கவில்லை.

படம் எடுப்பது பற்றி உங்கள் சங்கடம் நியாயமானது. சந்து போலத் தெரிவது சில இடங்களில் ஒருவர் வீட்டு முற்றம். “பாரெவ் ஸெஸ்” என்று வணக்கம் சொல்லி, கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், காபி குடிக்காமல் விடமாட்டார்கள்.

அறை விஷயம். கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம் என்பான், போகலாம்தான். ஆனால் ஜனவரியில் யெரெவான் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அந்தச் சரிவுகளில் பனி உறைந்தால் உள்ளூர்க்காரர்களே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். எரிவாயு அடுப்புக்குப் புகைபோக்கி ஒழுங்காக இருக்கிறதா, கழிப்பறை உள்ளே இருக்கிறதா, வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் இருக்கட்டும். ஒன்றுக்கு இல்லை என்றாலும், பேருந்து ஏறிப் போகிற தூரத்தில் ஒரு சாதாரண சோவியத் ஃபிளாட் பார்ப்பதே நல்லது. கோண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நார்தி ஆடப் போய்க்கொள்ளட்டும்.