மேல் வீட்டுக்காரங்க பாதி காசு தர்றேன்னு வைஃபை பாஸ்வேர்டு கேக்குறாங்க, கொடுக்கலாமா?

கொடுங்க. ஆனா உங்க மெயின் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துடாதீங்க. நீங்களும் என்னை மாதிரி வாடகை வீட்லதான் இருப்பீங்க, கேக்குறவங்க முகத்தை தினமும் மாடிப்படில பாக்கணும், அதனாலதான் இங்க வந்து கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். நான் பண்ண தப்பை நீங்க பண்ணக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

2021 ஜூன், திருச்சி உறையூர்ல இருந்தோம். எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். மேல இருந்த அக்கா வீட்டுக்காரர் வேன் ஓட்டுறவர், லாக்டவுன்ல வண்டி நின்னுபோச்சு, பையன் பத்தாவது, ஆன்லைன் கிளாஸ். "தம்பி, பாதி காசு தந்துடுறேன், பாஸ்வேர்டு மட்டும் போட்டு குடு"ன்னு கேட்டாங்க. 599 பிளான், டேக்ஸோட 707 வரும். 300 குடுங்க போதும்க்கான்னு சொல்லி நானே பையன் போன்ல போட்டு குடுத்தேன்.

ஒரு மாசம் பிரச்சனையே இல்ல. அப்புறம் சாயங்காலம் ஆனா என் கால் கட்டாக ஆரம்பிச்சுது, நான் பேசுறது அந்தப் பக்கம் விட்டு விட்டு கேக்குதுன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். 100 எம்பிபிஎஸ் இருக்கே, ஏன்னு கேப்பீங்க. வைஃபைக்கு 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கு. கான்க்ரீட் தளத்தை தாண்டி 5 சரியா போகாது, மேல இருக்குற போனெல்லாம் 2.4லதான் ஒட்டும், சிக்னல் கம்மியான போன் அதே வீடியோவை இழுக்க ரொம்ப நேரம் அந்த அலைவரிசையையே பிடிச்சுக்கும், அந்த நேரம் 2.4ல இருக்குற மத்தவங்க எல்லாரும் வெயிட் பண்ணணும். என் ஆபீஸ் லேப்டாப் பழசு, அதுலயும் 2.4 மட்டும்தான்.

பிரவுசர்ல 192.168.1.1னு போட்டு ரூட்டர் பேஜை ஓபன் பண்ணி பாத்தா 17 டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்கு. எங்க வீட்ல மொத்தமே 5. வெளிய வந்தா படிக்கு கீழ நாலு ஜோடி செருப்பு, படியில தெருப் பசங்க வரிசையா போனோட உக்காந்திருக்காங்க. எனக்கு தலைக்கு ஏறிடுச்சு. நேரா மேல போய், ஊருக்கே பாஸ்வேர்டு சொல்லிட்டீங்களான்னு கத்திட்டேன். "சத்தியமா யாருக்கும் சொல்லல தம்பி"ன்னு அக்கா அழுதுட்டாங்க. நான் நம்பல. அன்னைக்கே பாஸ்வேர்டு மாத்திட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு என் தங்கச்சி வந்தா. பாஸ்வேர்டு சொல்றேன்னு சொல்றதுக்குள்ள என் வீட்டுக்காரி போனை எடுத்து வைஃபை செட்டிங்ஸ்ல ஷேர்னு தட்டி க்யூஆர் கோடை தன் போன்ல ஸ்கேன் பண்ணிட்டா. ஆண்ட்ராய்டு 10ல இருந்தே இது இருக்கு, நிறைய போன்ல கோடுக்கு கீழ பாஸ்வேர்டு எழுத்துலயே தெரியும். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அந்தக்கா சொன்னது நிஜம். பையன் ஃபிரெண்டுக்கு காட்டியிருக்கான், அவன் இன்னொருத்தனுக்கு. அதுல ரெண்டு பேர் கிளாஸுக்குத்தான் வந்திருக்காங்க, வீட்ல நெட் இல்லாத பசங்க. மாசக் கடைசில பையன் மூணு 100 ரூபா நோட்டை கொண்டுவந்து நீட்டினான். அந்த மாசம் அவங்க யூஸ் பண்ணது பத்து நாள். நான் வாங்கல. மேல போய் மன்னிப்பு கேட்டேன், பரவால்ல தம்பின்னாங்க, ஆனா அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வந்து உக்காரவே இல்ல. என் பொண்ணு பொறந்தப்ப பத்து நாள் பத்திய சாப்பாடு செஞ்சு குடுத்தவங்க அவங்க.

இதுல நான் உண்மையா கோவப்பட்டிருக்க வேண்டியது வீட்டு ஓனர் மேல. எங்க ரெண்டு வீட்டுக்கும் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 9 ரூபா வாங்கினார். அப்ப அரசாங்கம் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீயா குடுத்துட்டு இருந்துச்சு, அது எங்க கைக்கு வரவே இல்ல. அதை கேக்க எனக்கு தைரியம் இல்ல, 300 ரூபா குடுத்த அக்காகிட்ட கத்துனேன்.

சரி, உங்க விஷயம். ரூட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு இருக்கும், நெட் கம்பெனி குடுத்த பெட்டில சிலதுல எஸ்எஸ்ஐடி 2ன்னு, அதாவது ரெண்டாவது வைஃபை பேர்னு இருக்கும். அதை ஆன் பண்ணி தனி பேர், தனி பாஸ்வேர்டு போட்டு குடுங்க. உங்க டிவி, கேமரா இருக்குற பக்கம் அவங்க வர முடியாதபடி ஐசோலேஷனையும் டிக் பண்ணிடுங்க. க்யூஆர் வழியா அதுவும் பரவும்தான், ஆனா மாசாமாசம் மாத்திடலாம், உங்க வீட்ல எதையும் தொட வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்புக்கு முடிஞ்சா கேபிள் போட்டுடுங்க. டபிள்யூபிஎஸ்னு, பாஸ்வேர்டு போடாம பட்டனோ பின் நம்பரோ வச்சு கனெக்ட் பண்ற வசதி இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க, ரூட்டர் பேஜோட அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க.

பக்கத்து வீட்டுக்கு நெட் குடுக்க இவ்ளோ கண்டிஷனான்னு சிலர் கமெண்ட்ல வருவீங்க. கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ போலீஸ் அவங்க வீட்டுக்குத்தான் வரும். 2008 ஜூலைல அகமதாபாத் குண்டுவெடிப்பு சமயத்துல மீடியாவுக்கு போன மெயிலை டிராக் பண்ணப்ப அது நவி மும்பைல குடியிருந்த ஒரு அமெரிக்கர் வீட்டு வைஃபைல போய் நின்னுச்சு, அவருக்கு அதுல சம்பந்தமே இல்ல. அதனால பிளான் பேப்பரையும் ஒருதரம் படிச்சுடுங்க, வெளி ஆளுக்கு ஷேர் பண்ணக்கூடாதுன்னு நிறைய கம்பெனி போட்டிருப்பாங்க. அப்புறம் க்யூஆர் விஷயத்தை அந்த வீட்டுப் பசங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, நான் சொல்லல.