அந்த புக்கை பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?

வணக்கம் சார்,

நான் பெங்களூர் லிங்கராஜபுரம், ஐடி வேலை. சர்ச் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய புக் கடையில விக்டர் ஹ்யூகோவோட 'லே மிசரபிள்' வாங்கி ரெண்டு மாசமா படிச்சிட்டிருக்கேன். அம்மாகூட கோவிலுக்கு நவநாள் ஜெபத்துக்கு வர்ற ஒரு ஆன்ட்டி, "அது திருச்சபை தடை பண்ணின புக்கு, படிச்சா சாவான பாவம்"னு சொல்லிட்டாங்க. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாம பூசையில நன்மை (அப்பம்) வாங்கக் கூடாதுன்னு அம்மா ஒரே பிடியா நிக்கிறாங்க. நெஜமாவே அப்படி ஒரு சட்டம் இருக்கா? (இப்போ வாட்டர்லூ சண்டையில மாட்டிக்கிட்டு நிக்கிறேன், அது வேற கதை.)

ஆர்.

தம்பி,

ஆன்ட்டி பொய் சொல்லல, ஒரு அறுபது எழுபது வருஷம் லேட்டா சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். தடை செஞ்ச புத்தகங்களுக்குன்னு ரோம்ல ஒரு லிஸ்ட் இருந்தது, 'இன்டெக்ஸ்'னு பேரு, 1559ல நாலாம் பவுல் போப் காலத்துல வந்தது, கடைசிப் பதிப்பு 1948, அதுல கிட்டத்தட்ட 4000 புத்தகம். நீங்க படிக்கிற நாவல் 1864லயே அதுல ஏறி 1959 வரைக்கும் இருந்தது. இதுல ஒரு வேடிக்கை, அதே கதையைத்தான் சுத்தானந்த பாரதியார் தமிழ்ல 'ஏழை படும் பாடு'ன்னு எழுதி, 1950ல நாகையா நடிச்சு படமாவும் வந்துச்சு. லிஸ்ட்ல இருந்த புக்குன்னு தெரியாமலே நம்ம கத்தோலிக்க சனமும் தியேட்டர்ல உக்காந்து கண்ணைத் தொடச்சிக்கிட்டு பார்த்திருக்கும். இன்னொன்னு, டார்வின் அந்த லிஸ்ட்ல ஏறவே இல்ல, ஹிட்லரோட புக்கும் ஏறல. அதனால லிஸ்ட்ல இருக்கா இல்லையான்னு பார்த்து ஒரு புக்கை எடை போடாதீங்க.

சொல்லப்போனா லிஸ்ட்டே சின்ன விஷயம். 1917 திருச்சபைச் சட்டத்துல இன்ன இன்ன வகைப் புத்தகம்னு பொதுவாவே தடை இருந்தது, பேர் போட்டிருக்கணும்னு அவசியமே இல்ல. அந்த வகையில மொத வரியிலயே வர்றது எது தெரியுமா, பிரிவினைக்காரங்க, அதாவது புராட்டஸ்டன்ட் மாதிரி கத்தோலிக்கர் அல்லாதவங்க போட்ட பைபிள்.

இது எங்க வீட்டுலயே நடந்த கதை. சிவாஜிநகர் மாதா கோவிலுக்குப் பின்னாடி சந்துல வீடு, எங்க ஆயாவுக்கு பக்கத்து வீட்டு சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை) அம்மா ஒரு பைபிள் குடுத்திருந்தாங்க. வீடு மந்திரிக்க சாமியார் வர்றாருன்னா ஆயா மொத வேலையா அதை பேப்பர்ல சுத்தி அரிசி டின்னுக்குள்ள அமுக்கி மேல அரிசியைக் கொட்டிடும், அப்புறம்தான் மெழுகுவத்தி, தீர்த்தத்துக்கு கிண்ணம் எல்லாம். ஆனா வாய் காட்டிக் குடுத்துடும். நாங்க எல்லாம் சேசு, சேசுநாதர்னுதான் சொல்லுவோம், ஆயா மட்டும் சில நேரம் அந்தப் புக்குல இருக்கிற மாதிரி இயேசுன்னுடும், முட்டி வலிக்கு தைலம் தேய்ச்சிக்கிட்டே "நான் தாழ்ச்சியடையேன்"னு முணுமுணுக்கும். அந்த வார்த்தை நம்ம புக்குல இல்லன்னு ஞானோபதேசம், அதான் வேதப்பாடம், சொல்லிக்குடுக்கிற சிஸ்டருக்கு டக்குனு புரிஞ்சிடும். இதெல்லாம் எழுபதுகள்ல. ரோம்ல 1966 ஜூன் 14ஆம் தேதியே இன்டெக்ஸுக்கு இனி சட்ட பலம் இல்ல, தண்டனையும் இல்லன்னு அறிவிச்சாச்சு. சிவாஜிநகர்ல எங்க ஆயாகிட்ட யாரும் சொல்லல. 1995ல ரெண்டு சபையும் ஒண்ணா உக்காந்து செஞ்ச பொது மொழிபெயர்ப்பு வந்து இப்ப கோவில்ல அதையே வாசிக்கிறாங்க. ஆயா அதைப் பார்க்கல.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். இந்த நாவலைப் படிச்சதுக்காக நீங்க பாவசங்கீர்த்தனத்துல ஒண்ணும் சொல்ல வேண்டாம். இப்ப இருக்கிற 1983 சட்டத்துல, பைபிள் பதிப்பு, ஞானோபதேச புக்கு, கோவில்ல வச்சு விக்கிற வேத சம்பந்தமான புக்கு இதுக்கெல்லாம் பிஷப் அனுமதி வேணும்னு இருக்கு, ஆனா அது எழுதுறவங்களுக்கும் போடுறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும். படிக்கிறவனுக்கு லிஸ்ட் கிடையாது.

ஆனா அம்மா சொல்றதை முழுசா தள்ளவும் எனக்கு மனசு வரல. அந்தப் பழைய சட்டத்துல எனக்குப் பிடிச்ச ஒரு இடம் உண்டு, 1405ஆம் எண். பிஷப்கிட்ட பெர்மிஷன் வாங்கியே படிச்சாலும், அந்தப் புக்கு உன் ஆத்துமாவுக்கு கிட்டத்துல ஆபத்துன்னா அந்தப் பெர்மிஷன் உன்னைக் காப்பாத்தாதுன்னு இருக்கும். 66ல லிஸ்டை எடுத்தப்பவும் சட்டம்தான் போச்சு, மனசாட்சிக்கு அந்த எச்சரிக்கை நிக்குதுன்னுதான் சொன்னாங்க. அதாவது ஒரே புக்கு எனக்கு ஒண்ணும் பண்ணாது, உங்களைக் கவுத்துடும், இல்ல மாத்தி நடக்கும், அது ரோம்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும், உங்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பத்து வயசுல நரகத்தைப் பத்தி ஒரு குட்டிப் புத்தகம் குடுத்தாங்க, நாக்குல தீ எரியிற பையன் படம் போட்டது, மொத பக்கத்துல பிஷப்போட அனுமதி அச்சு கூட இருந்துச்சு. அதைப் படிச்சிட்டு ஒரு மழைக்காலம் முழுக்க நான் ராத்திரி தனியா பாத்ரூம் போகல, சாமின்னாலே வயித்தைக் கலக்கும். என்னைக் கேட்டா எனக்கு அதுதான் தடை பண்ண வேண்டிய புக்கு. உங்க நாவல்ல ஒரு திருடன் வெள்ளிச் சாமானைத் தூக்கிட்டுப் போய் போலீஸ்ல மாட்டுறான், பிஷப்போ நான்தான் குடுத்தேன்னு சொல்லி மெழுகுவத்தித் தண்டையும் சேர்த்துக் குடுத்து அனுப்புறாரு. அந்தப் பக்கத்தை மட்டும் அம்மாவுக்கு தமிழ்ல வாயால சொல்லுங்க, நவநாள் முடிஞ்சு வந்து டீ குடிக்கிற நேரமா பாருங்க, ஆன்ட்டியும் இருந்தா இன்னும் நல்லது.

அப்புறம் அந்த வாட்டர்லூ. தாராளமா தாண்டிப் போங்க, அதுக்கும் பாவசங்கீர்த்தனம் தேவையில்ல. ஆனா அந்தப் பகுதியோட கடைசி ரெண்டு மூணு பக்கத்தை விட்டுடாதீங்க, பொணத்துக்கிட்ட திருட வர்ற ஒருத்தன் இருக்கான், பின்னாடி அவன் வேணும்.