பத்திரத்தை அடகு வைக்காதீங்க அண்ணா

போன ஞாயிறு குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு வந்தது. அப்பா லுங்கி நெய்கிறவர். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பையன். ஏஐ படிப்புக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசிவிட்டதாகப் பெங்களூரு சித்தப்பா சொல்லியிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டார் அப்பா.

பதறாதீங்க என்று ஆரம்பித்தவன், பத்திரம் என்றதும் நிறுத்திக்கொண்டேன். வைக்காதீங்க அண்ணா. நாலு வருஷம் கழித்து என்ன சம்பளம் வரும் என்று சித்தப்பா எழுதிக் கொடுப்பாரா? வட்டி மட்டும் மாதம் தவறாமல் வரும்.

பையனிடம் தனியாகப் பேசினேன். கோடிங் என்றதும் உதட்டைப் பிதுக்கினான். மல்டிமீட்டர் என்றதும் நிமிர்ந்தான். வீட்டிலுள்ள பழைய பேட்டரிகள் எல்லாம் எத்தனை வோல்ட் காட்டுகின்றன என்று, யாரும் சொல்லாமலே நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

இவனுக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது: சிலிக்கான் சில்லுக்குள் ஒற்றை எலக்ட்ரானைப் பிடித்துவைத்து அளப்பது. நுண்ணிய உலோக மின்வாய்களில் வோல்டேஜ் கொடுத்தால், சில பத்து நானோமீட்டர் அகலத்தில் ஒரு குழி உண்டாகும். அதுதான் குவாண்டம் புள்ளி. அதில் சிக்கிய எலக்ட்ரானின் சுழற்சி (ஸ்பின்) மேலா கீழா என்பதே 1, 0. இந்தச் சுழற்சியைக் கியூபிட்டாக, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகாக, ஆக்கலாம் என்று 1998-இல் லாஸ், டிவின்சென்சோ என்ற இரு இயற்பியலாளர்கள் எழுதினார்கள். காந்தப் புலத்தில் வைத்து, சரியான அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் துடிப்பு கொடுத்தால் சுழற்சி புரளும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள தடுப்பைத் தாழ்த்தினால் பக்கத்து எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று உணரும்.

சுழற்சி மேலா கீழா என்று கண்டுபிடிப்பதுதான் சுவாரசியம். ஒற்றைச் சுழற்சியின் காந்தம் நேராக அளக்க முடியாத அளவு சின்னது. அதனால் மேல்மட்டச் சுழற்சியில் இருந்தால் மட்டும் எலக்ட்ரான் வெளியே தாவும்படி வோல்டேஜை வைக்கிறார்கள். தாவினால் பக்கத்திலிருக்கும் உணரியில் மின்னோட்டம் சட்டென்று மாறும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 2004-இல் செய்துகாட்டிய முறை இது. பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியைத் தொடும் குளிரில் நடக்கிறது, நம்ம வேலூர் வெயிலில் உட்கார்ந்து நினைத்தாலே சுகம்.

புள்ளிகள் வரிசையாகக் கூடக்கூடத் தலைவலி. ஒரு மின்வாயைத் திருத்தினால் பக்கத்துப் புள்ளியும் நகர்ந்துவிடும். இதைச் சொன்னதும் அப்பா, "ஓர் இழையை இழுத்தா பக்கத்து இழை தளருமே, அது மாதிரியா?" என்றார். அதேதான் அண்ணா. எது எதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து கணக்குப் போட்டு ஈடுகட்டப் பொறுமையான ஆள் வேண்டும்.

வழி இதுதான். ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல், பஸ்ஸில் போய்வரலாம். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் வருஷம் ஐஐடி எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு, அப்புறம் ஐஐடியில் எம்.எஸ்ஸி. முனைவர் பட்டத்துக்குத் தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 உதவித்தொகை. 2023-இல் ஒன்றிய அரசு 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) அதன் கணினிப் பிரிவுக்கு மையம்.

பி.எஸ்ஸி. முடித்ததும் பெரிய சம்பளம் வராது, பத்து வருஷப் பாதை. தம்பி, உனக்கும் சொல்கிறேன்: முதல் வருஷமே அணி (மேட்ரிக்ஸ்) கணிதத்தைப் பிடி, ஜாமைக் கடைசி ஆறு மாதத்துக்குத் தள்ளாதே. குவாண்டம் கணினி தாமதமானாலும் மைக்ரோவேவும் துல்லிய அளவீடும் தெரிந்தவனைச் சில்லுத் துறை தேடும்.

சித்தப்பா நம்பரைக் கொடுங்க அண்ணா, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.